'ஈசியூ போச்சு' என்றதும் தலையாட்டாதீர்கள்: பழைய காரின் சாவித் தகராறு

கேள்வி: என்னுடையது 2001 மாடல் பெட்ரோல் கார். சாவியின் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். சில மாதங்களாக வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்றுவிடுகிறது. நாலைந்து முறை முயன்றால் ஒருமுறை ஓடுகிறது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறது. ரிமோட் பேட்டரியை மாற்றியும் பயனில்லை. ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஓடாமல் தடுக்கும் அமைப்பு) போய்விட்டன, மொத்தமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் 'பைபாஸ்' செய்து தருகிறேன் என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டேப்பைப் பற்றிப் பேசுவோம். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஈசியூ செத்திருந்தால் ஐந்தாவது முறை மட்டும் எப்படி உயிர் வரும்? மினுக்கும் அந்த விளக்கு, 'சாவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை' என்று வண்டி சொல்வது. சாவி சரியாக இருந்தால் பெரும்பாலான கார்களில் அது சில நொடி எரிந்து அணைந்துவிடும். ஸ்டார்ட் ஆகி உடனே நிற்பதும் அதே கதைதான். சில கார்கள் இப்படி. சிலவற்றில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

ரிமோட் பேட்டரியை மாற்றிப் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. உங்கள் காலத்துச் சாவிக்குள் இரண்டு தனித்தனி ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு பேட்டரி வேண்டும். இன்ஜினுக்கு அனுமதி வாங்கித் தரும் சிப்புக்கு பேட்டரியே வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு வளையக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பினால் அதுதான் சிப்புக்கு மின்சாரமும் ஊட்டி, அதன் எண்ணையும் கேட்கிறது. எண் பொருந்தினால் ஈசியூ பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் விடும். இவ்வளவுதான் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள். மற்ற பல இடங்களுக்கும் ஏறக்குறைய அதே சரக்குதான் வந்தது.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்பேர் சாவியைத் தேடி எடுங்கள். சாவிக்கொத்து வளையத்தில் வேறு சாவி எதுவும் கோர்க்காமல், அதை மட்டும் போட்டுப் பாருங்கள். இன்னொரு சிப் சாவி பக்கத்தில் தொங்கினாலே சில கார்கள் குழம்பிவிடும். ஸ்பேர் சாவியில் பத்து முறையும் ஒழுங்காக ஓடினால் கோளாறு உங்கள் டேப் சாவியில். அதுவும் மக்கர் செய்தால் வளையக் காயிலையோ அதன் வயரையோ சந்தேகப்படலாம். ஸ்டியரிங் பக்கத்து மூடியைக் கழற்றினால் எட்டிவிடும் பொருள் அது. அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் முன்னால் கார் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். வண்டி நிற்கும்போது 12 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு இம்மொபிலைசரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

நான் அதிகம் பார்த்த விபத்து ஒன்று உண்டு. கூடு உடைந்தால் புதுக்கூடு வாங்குவார்கள். பழையதைப் பிளந்து, ரிமோட்டின் பச்சை நிறச் சர்க்யூட் போர்டை எடுத்துப் புதியதில் பொருத்தி, இரும்பு பிளேடையும் மாற்றி, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சிப் எங்கே? பல சாவிகளில் அது போர்டில் இருப்பதில்லை. கூட்டின் ஓரத்தில், பிளேடு ஆரம்பிக்கும் இடத்துக்கு அருகில், சின்னக் குழிக்குள் செருகி வைத்திருப்பார்கள்: கருப்பு நிறத்தில் ஆப்பு போல ஒரு துண்டு, அல்லது அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய். பார்த்தால் பிளாஸ்டிக் பிசிறு மாதிரிதான் தெரியும். அது குப்பைக்குப் போனால் அந்தச் சாவி வெறும் கதவுச் சாவி. உங்கள் விரிசல் விட்ட கூட்டில் அந்தத் துண்டு குழியிலிருந்து நழுவி ஆடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாவியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். திறப்பதாக இருந்தால் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள்.

'பைபாஸ்' விஷயத்துக்கு வருவோம். இந்த வார்த்தையைச் சொல்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சாவியைக் கேட்காமலே இன்ஜின் ஓடும்படி, ஈசியூவைத் திறந்து அதன் நினைவகச் சிப்பில் கை வைக்கும் வேலை அது. தெரிந்தவர் செய்தால் வண்டி ஓடும், திருடனுக்கும் ஓடும். தெரியாதவர் செய்தால், நன்றாக இருந்த ஈசியூ அப்போதுதான் உண்மையிலேயே போகும். பிறகு 'நான் முன்னமே சொன்னேனே' என்பார். ஓடும்போது வண்டி அணைகிறது, அதற்கும் இம்மொபிலைசர்தான் காரணம் என்பவரையும் நம்பாதீர்கள். கம்பெனி இம்மொபிலைசர் கிளம்பும் நேரத்தில்தான் சாவியைக் கேட்கும். நடுவழியில் நின்றால் கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

சிப் சாவி போடுபவரிடம் கையடக்க ரீடர் இருக்கும். உங்கள் சிப் உயிரோடு இருக்கிறதா என்று நொடியில் சொல்லிவிடுவார். செத்திருந்தால் ஸ்பேர் சாவியை வைத்துப் புதுச் சாவி போட்டுக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்லியே ஆகவேண்டும். 1990களின் நடுவில் வந்த பியட், ஆல்பா ரோமியோ, லான்சியா கார்களில் சிவப்பு நிறத்தில் ஒரு மாஸ்டர் சாவி கொடுத்தார்கள். அது ஓட்டுவதற்கல்ல, புதுச் சாவிகளை வண்டிக்கு அறிமுகப்படுத்த மட்டும். அது தொலைந்தால் கம்பெனி வழியில் புதுச் சாவி சேர்க்க முடியாது. ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டிகளை மாற்றச் சொல்வார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களில் பலர் அந்தச் சிவப்புச் சாவியைக் கண்ணாலும் பார்த்ததில்லை. கூடவே ஐந்து இலக்க எண் அச்சிட்ட அட்டை ஒன்றும் தருவார்கள். சாவி வேலை செய்யாத நாளில் ஆக்சிலரேட்டரை மிதித்து, விளக்கு மினுக்குவதை எண்ணி, ஒவ்வோர் இலக்கமாக அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லிக் கிளப்பலாம். முறை வண்டியின் கையேட்டில் இருக்கும். உங்கள் கார் இந்த வகையென்றால் அட்டையை இன்றே தேடுங்கள். அட்டையை வண்டிக்குள்ளேயே வைப்பவர்களை என்ன சொல்வது!

ஷோரூமுக்குப் போனால் பழைய மாடல் என்று முகத்தைச் சுளிப்பார்கள். புதுச் சாவியைப் பதிவு செய்யத் தேவைப்படும் ரகசிய எண் ('PIN' நம்பர்) தலைமையகத்திலிருந்து வர வேண்டும், ஆவணம் கொண்டுவாருங்கள் என்பார்கள். ஆவணம் கேட்பது நியாயம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வண்டியின் ரகசிய எண்ணை அதன் சொந்தக்காரரே மனுப் போட்டு வாங்கும் நிலைமையை என்னால் ஜீரணிக்க முடிவதில்லை. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சிப்புக்காக முழு செட்டையும் மாற்றச் சொல்வதற்குக் காரணம், மாற்றுவது அவர்களுக்குச் சுலபம் என்பதுதான். எண் கைக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

சாவி புரோகிராம் செய்யப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். பல கார்களில் அந்த நேரம் கையில் இல்லாத சாவி பட்டியலிலிருந்து அழிந்துவிடும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முடிந்ததும் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று என்று வந்தால், மூன்றாவது யாரிடம் என்று கேட்டுவிட்டு, அதை அழிக்கச் சொல்லி, திரையில் இரண்டு என்று வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.