அந்த அறையில் தொடங்குங்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் குடியேறியவர்களைப் பற்றிய சரித்திர நாவல் ஒன்றைத் திரைக்கதையாக எழுதி வருகிறேன். நாவலில் மூன்று பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். முதல் வரைவே 210 பக்கம் வந்துவிட்டது. ஜமைக்காப் பகுதியை வெட்டிவிட்டு, கப்பல் கரைசேர்வதில் தொடங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டாதீர்கள். ஜமைக்கா போய்விட்டால், 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் போக்கிடம் தேடி வந்தவர்களாகத் தெரிவார்கள். அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். 28 பவுண்டு 10 ஷில்லிங் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் பணியாற்றியவர்களும் அவர்களில் இருந்தார்கள். இங்கிலாந்தைத் தாய்நாடு என்று பள்ளியில் படித்தவன், லண்டனில் ஒரு கதவைத் தட்டும்போது கெஞ்சிக்கொண்டு நிற்க மாட்டான். அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் நடக்கும் பகுதியை முன்கதையாக மொத்தமாக வைக்காதீர்கள். துண்டு துண்டாக, லண்டன் அறைக்குள் வரட்டும். நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: நவம்பர் மாதம். கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். கேஸ் கணப்பின் நீலச்சுடர் சுருங்கி அணைகிறது. மீட்டரில் ஷில்லிங் போட்டால்தான் மறுபடி எரியும். பையைத் துழாவுகிறான். அகப்படுவது ஒரு ஜமைக்காப் பென்னி. அதிலும் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலைதான், ஆனால் மீட்டர் அதை ஏற்காது. அந்த நாணயத்தை அருகில் காட்டுங்கள். அடுத்த ஷாட்டில் அதே நாணயம் கிங்ஸ்டன் கடை ஒன்றின் பலகைமேல் விழட்டும். ஒரு வரி வசனம்கூட வேண்டாம்.

கப்பல் கரைசேர்ந்த டில்பரி துறைமுகத்தில் அவர்கள் இறங்கும் காட்சியைச் செய்திப்படங்களிலேயே பார்த்தாகிவிட்டது. அதில் காசையும் பக்கத்தையும் செலவழிக்காதீர்கள். அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தங்க இடமில்லாத 200க்கும் மேற்பட்டோர் தெற்கு லண்டனின் கிளாபம் சவுத்தில், போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிய ஆழமான சுரங்கத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். பக்கத்து வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்ததால் பலர் அந்தப் பகுதியிலேயே வேரூன்றினார்கள். வெயிலில் வளர்ந்தவர்கள் தாய்நாட்டில் படுத்த முதல் இரவு தரைக்கடியில்! நாவலாசிரியர் இதைத் தொட்டிருந்தால் விடாதீர்கள். வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத நிலையில், 'பார்ட்னர்' என்ற பெயரில் நம் சீட்டைப் போலவே பணம் சேர்த்து வீடு வாங்கினார்கள். அதுவும் நல்ல காட்சிதான்.

மூன்று குரல்களைப் பற்றி. பின்னணிக் குரலை முழுவதும் எடுத்துவிடுங்கள், பக்கங்கள் தாமாகக் குறையும். கதை யாருடையது என்பதைக் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதே சொல்லிவிடும். கதவு திறக்கும் ஒரே காட்சியை ஒருமுறை வீட்டுக்காரியின் தோளுக்குப் பின்னாலிருந்தும், பிறகொருமுறை தெருவிலிருந்தும் எழுதிப் பாருங்கள். உள்ளே இருந்து பார்த்தால், ரொட்டிக்குக்கூட 1948 ஜூலை வரை ரேஷன் இருந்த ஊரில் களைத்துப்போன ஒரு பெண். வெளியே இருந்து பார்த்தால், "அறை காலியில்லை" என்று சாத்திய கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் 'அறை வாடகைக்கு' அட்டை அப்படியே தொங்குகிறது. அவளுடைய களைப்பு அந்த அட்டைக்குச் சமாதானம் ஆகிவிடக் கூடாது. இரண்டையும் காட்டுங்கள். நீங்களாக எதையும் விளக்க வேண்டாம்.

ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால், உங்கள் வரைவு மூன்றரை மணி நேரம். 120 பக்கத்துக்கு இறக்கிவிட்டு நண்பர்களிடம் மறுபடி காட்டுங்கள். தயாரிப்பாளரிடம் போவதற்கு முன் நாவலாசிரியரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள்.