இரண்டாவது டிஸ்க்கில் உள்ள கல்யாணப் படங்கள் அழியுமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறீர்கள், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போனால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கல்யாணப் படங்கள் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் உள்ளவைகூட அப்படியே தங்கிவிடும். படங்கள் உள்ள டிஸ்க்கை அது தொடாது.

ஆபத்து, கடைக்காரர் பென்டிரைவ் போட்டுப் புதிதாக நிறுவும்போதுதான். திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண்ணும் அளவும்தான் பெரிதாகத் தெரியும். ஆள் மாற்றி டெலீட் அமுக்கினால் முடிந்தது சோலி! அதனால் கரண்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, படங்கள் உள்ள டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால் செட்டப் சில சமயம் கணினி எழும்பத் தேவையான பூட் கோப்புகளைப் படங்கள் உள்ள டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். பின்னாளில் அதைக் கழற்றினால் கணினி எழும்பாது.

டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபோல்டர்களும் சி டிரைவில்தான் இருக்கின்றன, அதை அழித்துப் புதிதாக நிறுவினால் அவையும் போய்விடும், மறந்துவிடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

என்ன செய்தாலும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும், யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 உங்கள் மதர்போர்டில் இருக்கிறதா? மாடலைச் சொல்லுங்கள், பார்ப்போம்.