காற்று எவ்வளவு வைப்பது?

வீல் அலைன்மென்ட் பட்டறை தொடங்கி 22 வருடம் ஆகிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் டிராக் டே நடக்கும் ஞாயிறுகளில் கடையைப் பூட்டிவிட்டு, காற்று அளக்கும் கேஜும் நோட்டுமாக, வண்டிகள் வந்து நிற்கும் பிட் லேனில் நிற்பேன். இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் டிராக்கில் ஓடும் கார்களின் டயர் பற்றியே வந்திருக்கின்றன.

என் ஸ்விஃப்ட்டை அடுத்த மாதம் முதல்முறையாக டிராக்கில் ஓட்டப் போகிறேன். ஒரு நண்பர் டயரில் காற்று 40 வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் 26 போதும் என்கிறார். புது பெர்ஃபார்மன்ஸ் டயர் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டுமா? – வாசகர், கோயம்புத்தூர்

முதல் தடவைக்கு டயர் வாங்காதீர்கள். இப்போது இருக்கும் டயர் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள். சாதாரண ரோடு டயர், பிடி விடுவதற்கு முன் கத்தும். அந்தச் சத்தம் எங்கே தொடங்குகிறது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் எப்படி அடங்குகிறது என்று காதும் கையும் பழகட்டும். பிடி அதிகமுள்ள டயரில் பிழை நடப்பது பெரிய வேகத்தில். பழகாதவருக்கு அது நல்லதில்லை.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் இருவரும் குளிர்ந்த டயரின் கணக்கைச் சொல்கிறார்கள். டிராக்கில் பார்க்க வேண்டியது சூடான டயரின் பிரஷர். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் பிரஷர் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும் (கேஜ் காட்டும் அளவு அது, 40, 26 எல்லாம் அந்தக் கணக்குதான்). நாலைந்து சுற்று அழுத்தி ஓட்டினால் உள்ளே 40 டிகிரி ஏறுவது சாதாரணம். அப்படியென்றால் காலையில் 32 வைத்த டயர் 38 ஆகியிருக்கும். 40 வைத்தவருக்கு 46-ஐத் தாண்டிவிடும். டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், வண்டி சோப்புத் தண்ணீரில் போவது போல வழுக்கும். 26 வைத்தால் முதல் இரண்டு சுற்றில் டயர் வளைவில் மடிந்து, பக்கச்சுவரே தரையில் தேயும்.

ஸ்விஃப்ட் போன்ற லேசான முன்சக்கர டிரைவ் காருக்கு, ரோடு டயரில், சூட்டில் 34 முதல் 36 வரை என்று தொடங்குங்கள். காலையில் 30 வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள், அடுத்த மூன்றை உங்கள் வேகத்தில் ஓட்டுங்கள். உள்ளே வந்த உடனே, டீ குடிக்கப் போவதற்கு முன், நாலு டயரையும் அளந்து எழுதுங்கள். அதிகமாக இருப்பதை இறக்குங்கள். வலது வளைவில் பாரம் முழுக்க இடது முன் டயரில் விழும். அது மற்றதைவிட ஒன்றிரண்டு கூடக் காட்டினால், அடுத்த தடவை அதை மட்டும் ஒன்று குறைவாக வைத்துத் தொடங்குங்கள். வெயில் பக்கம் நிறுத்திய வண்டியில் ஒரு பக்க டயர் ஓடாமலேயே ஒரு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அதனால் காலையில் அளப்பது நிழலில் இருக்கட்டும்.

சாக்பீஸ் ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரெட் (ரோட்டைத் தொடும் பட்டைப் பகுதி) முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில், குறுக்காக மூன்று இடத்தில் கோடு போடுங்கள். ஓடி வந்த பிறகு கோடு விளிம்பு வரை அழிந்திருந்தால் சரி. ட்ரெட்டின் ஓரத்திலேயே சாக்பீஸ் மிச்சம் இருந்தால் காற்று அதிகம். பக்கச்சுவரில் இறங்கி அழிந்திருந்தால் காற்று குறைவு. பத்து ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சோதனையை நான் இன்றும் விடவில்லை.

கேஜ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பங்க் கேஜ் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. மாறும், நாம் இங்கே பேசுவதோ ஒரு பி.எஸ்.ஐ. கணக்கு.

17 இன்ச் அலாய், 215 அகல டயர் போட்டால் வளைவில் பிடி கூடுமா? இப்போது இருப்பது 185/65 ஆர்15. – வாசகர், தாம்பரம்

வேண்டாம். பெரிய ரிம்மும் அகல டயரும் சேர்ந்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் எடை கூடும். பிரேக் பிடிக்கவும், வளைவை விட்டு வெளியேறி வேகம் எடுக்கவும் அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச்சில் உரசவும் வாய்ப்புண்டு. அதே 15 இன்ச் ரிம்மில் 195/60 போடுங்கள் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது). மொத்த விட்டம் 621 மில்லிமீட்டரிலிருந்து 615 ஆகும், ஒரு சதவீதம்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. மிச்சமாகும் பணத்தில் நல்ல ரப்பர் வாங்குங்கள்.

ரப்பரின் குணத்தை ஓரளவு சொல்வது பக்கச்சுவரில் இருக்கும் ட்ரெட்வேர் எண். 400, 500 என்று இருந்தால் ஓட்டம் வரும், பிடி குறையும். 200 என்றால் டிராக்குக்கு ஏற்ற மெது ரப்பர். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடத்தான் அதை நம்பலாம்.

தேதியையும் பாருங்கள். நாலு எண் இருக்கும்: 1823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். நான் பட்டறை வைத்த புதிதில் ஒரு கடையில் தள்ளுபடி என்று சொன்னதை நம்பி, தேதி பார்க்காமல் நாலு டயர் வாங்கினேன். ட்ரெட் புதுசு, ரப்பருக்கு வயது ஐந்து வருடத்துக்கு மேல். மழை நாளில் டிராக்கின் முதல் வளைவான சி-1-க்கு முன் பிரேக் மிதித்தபோது வண்டி கேட்கவே இல்லை. புல்லில் போய்த்தான் நின்றது. அன்றிலிருந்து எண்ணைப் படிக்காமல் ஒரு டயரையும் வண்டியில் மாட்ட விட்டதில்லை.

நைட்ரஜன் அடித்தால் பிரஷர் ஏறாது என்கிறார்களே? – வாசகர், மதுரை

ஏறும். சூடானால் எந்த வாயுவும் விரியும். நைட்ரஜனில் ஈரம் இருக்காது என்பதால் ஏற்றம் கொஞ்சம் சீராக இருக்கும், அவ்வளவுதான். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடும் கடையில் சாதாரணக் காற்றே போதும்.

இரண்டு டிராக் டேயில் முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து போனது. அலைன்மென்ட் சரி என்று ரிப்போர்ட் காட்டுகிறார்கள். – வாசகர், ஓசூர்

ரிப்போர்ட் சொல்வது ரோட்டுக்குச் சரி. முன் சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும்படி கம்பெனி வைத்திருக்கும். வளைவில் வண்டி சாயும்போது சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது, பாரம் வெளி ஓரத்தில் விழுகிறது. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி நெகட்டிவ் கேம்பர் வைப்பதுதான் வழி. உங்கள் காரில் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இரண்டு போல்ட்டில் சேருமானால், மேல் போல்ட்டுக்குப் பதில், சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு ஒன்று, ஒன்றரை டிகிரி எடுக்கலாம். வார நாளில் அலுவலகம், ஞாயிறு டிராக் என்று ஓட்டுபவருக்கு மொத்தம் மைனஸ் ஒன்றரையில் நிறுத்திவிடுவேன். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். கேம்பர் வைத்தால் உள் ஓரம் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். பட்டறையில் நான் பார்த்த வரை, உள் ஓரத்தைத் தின்பது பெரும்பாலும் தப்பான டோதான். கேம்பர் மாற்றினால் டோவும் மாறிவிடும், அதனால் கேம்பரை முடித்த பிறகே டோவைத் தொட வேண்டும்.

மகன் டிராக்கில் ஓட்டிவிட்டு அதே டயரில் திருச்சிக்கு இரவோடு இரவாகத் திரும்பி வருகிறான். பயமாக இருக்கிறது. – வாசகி, திருச்சி

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. பகலில் சூட்டுக்கு ஏற்ப இறக்கிய காற்று, டயர் ஆறியதும் 27, 28-க்கு வந்துவிடும். அதை மறந்து நாலு பேரும் சாமானுமாக நெடுஞ்சாலையில் 100-இல் வந்தால், பக்கச்சுவர் விடாமல் மடிந்து மடிந்து உள்ளேயே கொதிக்கும். டயர் வெடிப்பது அப்படித்தான். மகனிடம் இதைச் சொல்லுங்கள்: கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆற விட வேண்டும், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நாலு டயரிலும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு டயரின் உள் பக்கத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தால் அந்த டயரில் வரக் கூடாது. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து ஒருமுறை சோதிக்க வேண்டும். கிளம்பும் முன் நாலு டயரின் அளவையும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.