சந்தா கட்டிய பிறகு விதியை மாற்றினால்?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக எடுத்த படங்களையெல்லாம் ஓர் இணையச் சேமிப்புத் தளத்தில் வைத்திருக்கிறேன். ஆண்டுச் சந்தாவில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. இப்போது, அடுத்த மாதம் முதல் இடம் பாதியாகக் குறையும், பழைய அளவு வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். பயனர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். நிறுவனம் பின்வாங்கும் வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். திட்டு வாங்குவதால் மட்டும் எந்த நிறுவனமும் அசைவதில்லை. 2023 ஜூனில், தன் பதிவுகளைக் காட்டும் வெளியார் செயலிகளுக்கு ரெடிட் என்ற இணைய விவாதத் தளம் விதித்த கட்டணத்தை எதிர்த்து, அந்தத் தளத்தின் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. ஆண்டுக்கு 2 கோடி டாலர் கட்ட வேண்டிவரும் என்று கணக்குச் சொன்ன அப்பல்லோ என்ற வெளியார் செயலி, அந்த மாதக் கடைசியில் மூடப்பட்டது. கட்டணம் அப்படியே நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில், கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டியோ, விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் அதை உருவாக்கியவரிடம் காசு கேட்டுவிட்டு, பத்தே நாளில் இறங்கிவந்தது. 2024-இல் அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. (கையோடு சந்தா விலையை ஏற்றிக்கொண்டது வேறு கதை.) அங்கே கோபப்பட்டவர்களால் அடுத்த விளையாட்டை வேறு மென்பொருளில் செய்ய முடியும். உங்களால் உடனே வெளியேற முடியாது. படங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன.

ஆகவே முதல் வேலை படங்களை இறக்கிக்கொள்வது. 2018-இல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று அறிவித்து, மிச்சத்தை அழிக்கப்போவதாகச் சொன்னது நினைவிருக்கட்டும். இறக்கிய கோப்புகளை விரித்து, பழைய படம் ஒன்றைத் திறந்து எடுத்த தேதியைப் பாருங்கள். சில தளங்கள் தேதியையும் குறிப்பையும் தனிக் கோப்பில் போட்டுத் தருகின்றன; அதை விட்டுவிட்டால் ஒன்பது வருடப் படங்களும் இறக்கிய நாளின் தேதியில் போய் அடுக்கிக்கொள்ளக்கூடும். வன்தட்டில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொன்று. அதற்கு முன் கணக்கை மூடாதீர்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை இன்றே நிறுத்திவிடலாம்; பெரும்பாலான தளங்களில் கட்டிய காலம் முடியும்வரை சேவை தொடரும். ஆனாலும் நிறுத்தும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

பணத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். வாங்கியபோது வந்த ரசீதில் சேமிப்பு அளவு பெரும்பாலும் இருக்கும். அதையும் புது அறிவிப்பையும் இணைத்து, ஏழு மாதத்துக்கான தொகையைத் திருப்பித் தரவும் அல்லது அதுவரை பழைய அளவைத் தரவும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அரட்டைப் பெட்டியில் பேசினால் அந்த உரையாடலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். “விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்” என்ற வரியைக் காட்டுவார்கள். அந்த வரி பல ஒப்பந்தங்களில் உண்டு; அதற்காகவே உங்கள் கோரிக்கை செல்லாது என்று ஆகிவிடாது. மறுத்தால், அந்தப் பதிலோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போகலாம்.