புட்டு இறங்கவில்லையென்றால் கமராக் குளிசை வேண்டாம்

மகள், ஏப்பம், வயிறு ஊதுவது, நாக்கில் வெள்ளை, விடியப்புறம் புளிச்சல் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இவையெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். கடிதத்தின் அடியில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "அப்பா இப்ப புட்டுச் சாப்பிடுறேல்ல, நெஞ்சுக்குள்ள நிக்குதாம். சோத்துக்கும் நிறையச் சொதி விட்டுக் குழைச்சுத்தான் இறக்குறார்."

நான் பதில் எழுதுவது அந்த ஒரு வரிக்குத்தான். வயது 61, நெடுநாள் வெற்றிலைப் பழக்கம், இரண்டு மாதத்தில் உடம்பு வற்றியிருக்கிறது, அதோடு உணவு நிற்கிறது. உணவுக்குழாயின் உள்வாய் ஏறக்குறைய 13 மில்லிமீற்றருக்குக் கீழே ஒடுங்கினால்தான் கட்டியான சாப்பாடு நிற்கத் தொடங்கும். முதலில் புட்டும் ரோஸ் பாணும் இறைச்சியும் நிற்கும். பிறகு சோறு, கடைசியில் தண்ணீர். இப்படி முறைப்படி கூடிக்கொண்டு வருவது உள்ளே ஏதோ அடைக்கிறது என்பதன் அடையாளம். அது கட்டாயம் புற்றுநோய்தான் என்று இல்லை. அமிலம் பட்டுப் பட்டு ஏற்படும் தழும்பும் உணவுக்குழாயை ஒடுக்கும். அப்படியானால் வாய்வழியே விட்டுப் பார்க்கும் கமராக் குழாயின் (எண்டொஸ்கோப்பி) வழியாகவே பலூன் விட்டு விரிக்கலாம். எது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் குழாய் விட்டுப் பார்க்கக் கிளினிக்கில் தந்த திகதியைத் தவறவிடாதீர்கள். திகதி பல வாரம் தள்ளி இருந்தால் "சாப்பாடு நிற்கிறது, மெலிகிறார்" என்ற இரண்டையும் வைத்தியரிடம் திரும்பச் சொல்லுங்கள். திகதியை முன்னுக்குக் கொண்டுவரக்கூடியது அதுதான்.

அமிலத்தைக் குறைக்கவென்று பாமசியில் கேட்டு வாங்கும் ஒமெப்ரசோலை இனிச் சொந்த முடிவில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது புண்ணின் மேல்தோலை ஆறவைத்து, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். வயிற்றுக் கிருமிக்கான பரிசோதனையிலும் இருப்பதை இல்லையென்று காட்டும். அதனால்தான் அந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்னரே அதை நிறுத்தச் சொல்வார்கள். எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். முழங்கால் நோவுக்கென்று போடும் டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். ஒடுங்கிய உணவுக்குழாயில் அந்தக் குளிசை ஒட்டி நின்றால், நின்ற இடத்தையே புண்ணாக்கும்.

இணையத்தில் பார்த்து, "கொழும்பில் காசு கட்டிக் கமராக் குளிசை விழுங்கினால் குழாய் விடத் தேவையில்லையே" என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். விழுங்கியதும் உள்ளே படமெடுத்துக்கொண்டு போகும் அந்தக் குளிசை 26 மில்லிமீற்றர் நீளம், 11 மில்லிமீற்றர் அகலம். புட்டு நிற்கும் இடத்தில் அதுவும் நின்றுவிடக்கூடும், பிறகு அதை எடுக்கவே குழாய் விட வேண்டிவரும். 2001 தொடக்கம் பாவனையில் இருந்தாலும் அது முக்கியமாகச் சிறுகுடலுக்கானது. அடைப்பு இல்லாதவரிலும் உணவுக்குழாயைச் சில வினாடிகளில் கடந்துவிடும், சதைத்துண்டு எடுக்கவும் அதனால் முடியாது. அப்பாவுக்குத் தேவை அந்தத் துண்டுதான். கமராக் குழாயின் உள்ளே 2.8 மில்லிமீற்றர் அளவில் ஒரு வழி உண்டு. அதனூடாகச் சிறு கவ்வியை விட்டு, குறுநொய் அளவில் ஆறு துண்டாவது எடுப்பார்கள். ஒரு துண்டில் தப்பிவிடுவது ஆறில் அகப்படும். உள்தோலுக்கு வெட்டின் நோ தெரியாது.

"டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னில் பழகுவார்கள்" என்பதுதான் அப்பாவின் உண்மையான பயம் என்று விளங்குகிறது. 1957இல் கண்ணாடி நார்க் குழாய் வந்த காலத்தில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை ஒன்றுதான் இருந்தது. பழகுபவர் காண்பதைக் கற்பிப்பவரும் கூடவே காண்பது பெரும்பாடு. 1983இல் குழாயின் நுனியிலேயே கமராச் சில்லு வந்தது, படம் திரைக்குப் போனது. அன்றிலிருந்து பக்கத்தில் நிற்கும் மூத்தவரும் அதே படத்தை அதே நேரத்தில் பார்க்கிறார். பழகுவதற்கென்றே ரப்பர் தொண்டையும் இரைப்பையும் கொண்ட உருவங்கள் இருக்கின்றன. கணினிக் கருவிகளும் உண்டு, சுவரில் நுனி முட்டினால் கையில் எதிர்விசை தரும். புதியவர் விடும் பெரும் பிழை ஒன்றுதான்: நுனி சுவரில் ஒட்டித் திரை முழுக்கச் சிவப்பாகும்போது மேலும் தள்ளுவது. செய்ய வேண்டியது கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, காற்று விட்டு, வழி தெரிந்த பிறகு போவது. இந்தக் கைப்பழக்கத்தை ரப்பரிலேயே ஏற்றிவிடலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் "யார் செய்வது, பக்கத்தில் யார் நிற்பது" என்று அப்பா கேட்கலாம். அது அவருடைய உரிமை, எவரும் கோபிக்க மாட்டார்கள்.

அடுத்தவர் வாயில் போன குழாய் என்ற அருவருப்பும் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் துடைத்து, வழிகளில் கழுவுநீரை உறிஞ்சவிட்டு, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால் உறையில் ஓட்டை. அந்தக் குழாய் திருத்தத்துக்குப் போகும். பிறகு ஒவ்வொரு வழியையும் தூரிகையால் தேய்த்து, கிருமிநீக்கித் திரவத்தில் உரிய நிமிடங்கள் ஊறவைத்து, அலசி, உலர்த்தித் தொங்கவிடுவார்கள். இந்த ஒழுங்கில் முக்கியமானது தூரிகைதான். அழுக்கு ஒட்டியிருந்தால் எந்தத் திரவமும் வேலை செய்யாது.

சாதாரணமாக ஆறு முதல் எட்டு மணிநேரம் வெறும் வயிறு போதும். அப்பாவுக்குச் சாப்பாடு தேங்குவதால் முதல் நாள் முழுக்கவே நீராகாரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் கிடந்தால் படம் தெரியாது, நுரையீரலுக்குள் போகவும் இடமுண்டு. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், அல்லது சீனிக் குளிசை எது போட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டுப்பல்லைக் கழற்றிவிடவும். தொண்டையில் மரப்பு மருந்து அடித்து, இடப்பக்கம் சரித்து, பல்லுக்கிடையில் வளையம் வைப்பார்கள். குழாய் உணவுக்குழாய்க்குள் போகிறது, மூச்சு வழி திறந்தே இருக்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விடட்டும். எச்சிலை விழுங்காமல் வாயோரமாக வழியவிடட்டும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மரப்புப் போகும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். மயக்க ஊசி போட்டிருந்தால் தம்பலகாமத்துக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்திக் கூட்டிப்போகாதீர்கள், ஓட்டோ பிடியுங்கள். பிறகு ஏப்பம் வருவது உள்ளே விட்ட காற்று. நெஞ்சிலோ கழுத்திலோ வயிற்றிலோ கடும் நோ, காய்ச்சல், இரத்த வாந்தி இருந்தால் மட்டும் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

அந்தத் திகதி வரும்வரை கஞ்சி, குழைசோறு, அவித்து மசித்த மரக்கறி கொடுங்கள். இடையில் ஒரு நாள் சாப்பாடு முற்றாக நின்று, எச்சிலும் இறங்காமல் துப்பத் தொடங்கினால், வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து, அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.