கணவாயின் மற்ற 2 இதயங்கள்

ஊசிக் கணவாயை அறுத்தபோது நடுவில் ஒரே இதயம்தான் தெரிந்தது, மீதி இரண்டு எங்கே, நரம்பை வெட்டினால் துடிப்பு நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒவ்வொரு செவுளையும் அதன் அடிப்பகுதி வரை தொடர்ந்து போங்கள். அங்கே வெளிறிய சிறு உருண்டை தெரியும், அதுதான் செவுள் இதயம். பலர் அதைச் சுரப்பி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். கணவாயின் இரத்தத்தில் செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் இருப்பதால் சிவப்பு நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். உடலைச் சுற்றி வந்த இரத்தத்தைச் செவுளுக்குள் தள்ளுவது இந்த இரண்டின் வேலை. அங்கே ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தை நடு இதயம் உடலுக்கு அனுப்புகிறது.

நரம்பை வெட்டினாலும் துடிப்பு உடனே நிற்காது. துடிப்பு இதயத் தசையிலேயே பிறக்கிறது. உள்ளுறுப்பு நரம்பு வேகத்தையும் வலுவையும் மாற்றுகிறது, அவ்வளவுதான். நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருள்களில் அசெட்டைல்கோலின் துடிப்பை அடக்கும், செரட்டோனின் தூண்டும்.

உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறையின் தசை அப்படியல்ல, அது முழுக்க நரம்பை நம்பியது. மேலுறையின் உட்புறத்தில், செவுள்களுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக நட்சத்திர வடிவ நரம்புமுடிச்சு இருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள், அவ்வளவு அழகு! அதிலிருந்து கிளம்பும் ராட்சத நரம்பிழை சில இனங்களில் 1 மில்லிமீட்டர் வரை தடிமன். நரம்புத் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வு இந்த இழையில்தான் நடந்தது. மூளையிலிருந்து இந்த முடிச்சுக்கு வரும் நரம்பை ஒரு பக்கம் வெட்டினால், அந்தப் பக்கத் தசை செயலிழந்துவிடும்.