கத்தி நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை: உங்கள் கேள்விக்கு

சகோதரி, கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்தவனின் முகம் சுத்தமாக நினைவில்லை, கத்தியின் துருப்பிடித்த முனை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது, வீட்டில் "அதெப்படி பார்க்காம இருந்திருப்பே?" என்று குடைகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை.

1987-இல் நினைவாற்றலை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் குழுவினர் இதையே சோதித்தார்கள். ஒரு படத்தொகுப்பில் வாடிக்கையாளர் காசாளரிடம் துப்பாக்கியை நீட்டுகிறார், இன்னொன்றில் காசோலையை. துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண் அதிலேயே அதிக நேரம் நின்றது. ஆளைப் பற்றிய நினைவு மங்கிப்போனது. அவர்கள் பார்த்தது வெறும் படம்தான், உங்களுக்கோ உயிர்ப்பயம்!

பயத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி மிரட்டும் பொருளை அழுத்தமாகப் பதிக்க உதவுகிறது. ஆனால் அந்தப் பொருளோடு ஆளையும் இடத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதியின் வேலை. அந்த முடிச்சுதான் நெகிழ்ந்துவிடுகிறது.

இப்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "மீசை இருந்துச்சா? சிவப்புச் சட்டையா?" என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் தலையாட்டாதீர்கள். கேட்டது நாளடைவில் பார்த்ததாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும். (நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள், தொல்லையே அதுதான்.) தனியாக உட்கார்ந்து, கிளம்பிய நேரம், திரும்பிய தெருமுனை, காதில் விழுந்த சத்தம் என்று நினைவிருப்பதை மட்டும் இன்றே எழுதிவையுங்கள். போலீஸ் கேட்டால் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஊகித்துக் கை காட்டினால் சம்பந்தமே இல்லாதவன் மாட்டுவான்.

தூக்கம் வராமல் அந்தக் கத்தியே வந்துகொண்டிருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.